பித்தளைப் பூண்

காலை பத்து மணிக்கு வந்த ஆள் அந்தப் பொருளை மேஜைமேல் வைத்த சத்தத்தில் ஃபெமினாவின் டீ டம்ளர் ஒருமுறை ஆடி நின்றது.

"இது எந்த அனுமார் கோயில்ல காணாமப் போன கதாயுதம் சார்?" என்றாள் ஃபெமினா.

வந்தவர் சிரிக்கவில்லை. கண்ணுசாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து வருடமாக அதே பார்வையைப் பார்க்கிறார், ஒரு பலனும் இல்லை. ஆவூர்க்காரி. முப்பது வயது. இன்சூரன்ஸ் பாலிசி விற்றுக்கொண்டிருந்தவளை அவர்தான் உதவியாளராகச் சேர்த்தார். வாய்க்குப் பூட்டு இல்லை. ஆனால் அவள் பேச்சுக்கு ஆட்கள் சிரித்துக்கொண்டே உண்மையை உளறிவிடுவார்கள். அதனால் பொறுத்துக்கொள்வார்.

புதுக்கோட்டையில் துப்பறியும் நிலையம் நடத்துவது என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய சிநேகிதம் உண்டா என்று விசாரித்துக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான். மாதம் இருபது கடிதம். கொலையும் கொள்ளையும் கண்ணுசாமியின் மாடிப்படி ஏறி வந்ததில்லை. ஆகவே, 'களவு' என்று ஒருவர் சொன்னதும் ஐம்பத்திரண்டு வயது மனுஷனுக்குக் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது.

"என் பேரு ஆனந்தராஜ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பில்லியர்ட்ஸ் ஹால் வச்சிருக்கேன்" என்றார் வந்தவர். நாற்பத்தைந்து வயது. இஸ்திரி கலையாத வெள்ளை டீ ஷர்ட். நகங்கள்கூடப் பளபளப்பாக வெட்டப்பட்டிருந்தன. "இது க்யூ வைக்கிற தோல் கேஸ். பந்தைத் தட்டுற குச்சிங்க. ரெண்டு பாதியாக் கழட்டி இதுக்குள்ள வச்சுப் பூட்டலாம். கேஸ் இருக்கு, க்யூ இல்லை."

"யாரோடது?"

"தேவிப்ரியான்னு ஒரு பொண்ணு. வயசு இருபத்துமூணு. குடுமியான்மலை. எங்க ஹால்ல கவுண்டர்ல வேலைக்கு வந்துச்சு. ஆட்டத்தைப் பாத்துப் பாத்துக் கையில குச்சி எடுத்துச்சு. நாலு வருஷம் நான் பழக்கினேன். இந்த ஜில்லாவிலேயே நைன் பால் ஆட்டத்துல அதுக்கு ஈடு ஆம்பளைப் பயலும் இல்லை. போன ஞாயித்துக்கிழமை பெங்களூருல செலக்‌ஷன். மொத நாள் காலையில திருச்சி ஜங்ஷன்ல வண்டிக்கு நிக்கிறோம். கேஸைத் தொறந்து பாத்தா க்யூ இருந்த எடத்துல ரெண்டு கட்டை. பிளாட்பாரத்துலயே உக்காந்து அழுதுச்சு. அங்க போயி வேற க்யூ வாங்கித் தாரேன்னேன். கேக்கல. கேஸை அப்படியே போட்டுட்டு பஸ் ஏறிப் போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஹாலுக்கே வரல. போன் எடுக்கல. இது ரகுநாத் வேலைதான் சார். அறந்தாங்கில ஹால் வச்சிருக்கான். அவன் ஆள் ஒருத்தன் அந்த செலக்‌ஷனுக்குப் போயிருந்தான். பஸ்ல வச்சு மாத்தியிருப்பானுங்க." ஆனந்தராஜ் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "நீங்க க்யூவை மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க. க்யூ கெடச்சா பொண்ணு தானாத் திரும்பி வந்துரும்."

கண்ணுசாமி அந்த உறையைக் கையில் எடுத்தார். எருமைத் தோல். விரல் வைத்து அழுத்தினால் அழுந்தாத தடிப்பு. மூணடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மேல் பக்கம் மூடி, அதில் ஒரு சின்னப் பூட்டு, மூடியை ஒட்டி ஒரு தோல் வார். அடிப்பக்கத்தில் கெட்டியாக ஒரு பித்தளைப் பூண்.

"நல்ல கேஸா இது?" என்று கேட்டார்.

ஆனந்தராஜுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "உழைக்கும். ஆனா நான் வாங்கியிருக்க மாட்டேன். கேஸ் எடுக்கும்போது மொதல்ல உள்ள பாக்கணும் சார். க்யூ மரம். ஒரு நூல் வளைஞ்சாலும் போச்சு. உள்ளே மெத்துன்னு வெல்வெட் இருக்கணும். ரெண்டு பாதியும் ஒண்ணோட ஒண்ணு ஒரசாம தனித்தனிக் குழாய் இருக்கணும். வெயில் சூடு எறங்கக் கூடாது. அடுத்தது தோள்ல மாட்ட அகலமாப் பட்டை. இதுல வெல்வெட்டும் இல்ல, குழாயும் இல்ல, தோள்பட்டையும் இல்ல. சென்னையில இருந்து நல்லதா ஒண்ணு வாங்கித் தாரேன்னேன். வேணாம், நானே செஞ்சுக்கிறேன்னு சொல்லிருச்சு. பிடிவாதம்."

"சாவி?"

"அது கழுத்துலதான் கயித்துல கெடந்துச்சு. ஒரே சாவி."

பூட்டில் ஒரு கீறல் இல்லை. கண்ணுசாமி உள்ளே இருந்த கட்டைகளை வெளியே எடுத்தார். துடைப்பக் கட்டையை இரண்டாக அறுத்தது. இரண்டையும் சேர்த்து ஒரு சிவப்புக் கம்பளித் துணியால் சுற்றியிருந்தது. ஆடாமல், தட்டாமல் இருப்பதற்காக. மூக்கருகில் கொண்டுபோனார். மெழுகு வாசம்.

"விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றார். "கேஸ் எங்ககிட்ட இருக்கட்டும்."

ஆனந்தராஜ் படியிறங்கியதும் ஃபெமினா கேட்டாள். "அறந்தாங்கிக்கா சார்? மீன் வாங்கிட்டு வந்துரலாம்."

"விராலிமலைக்கு."

"மயில் வாங்கவா?"

"இந்தத் துணியைப் பாரு. விராலிமலையில ஜல்லிக்கட்டு மாட்டுக்குக் கழுத்துப் பட்டை தைக்கிறவங்க, தோல் உரசிப் புண்ணாகாம இருக்க உள்பக்கம் இதைத்தான் வச்சுத் தைப்பாங்க. மெழுகு, தையல் நூலுக்குப் பூசுறது. பூட்டு உடையல. சாவி ஒண்ணுதான். அப்ப பஸ்லயும் மாத்தல, ரயிலடியிலயும் மாத்தல. இந்தக் கேஸ் எங்க பொறந்துச்சோ அங்கதான் கட்டை உள்ள போயிருக்கு."

"அப்ப ரகுநாத்து தப்பிச்சாரு. பாவம், அவரு மேல பழி விழுந்ததே அவருக்குத் தெரியாது" என்று காரின் சாவியை எடுத்தாள் ஃபெமினா.

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள். தையல்காரர் திருடியிருப்பார், க்யூவை மாட்டுக்காரன் தார்க்குச்சி என்று நினைத்து வாங்கியிருப்பான், இந்நேரம் ஏதோ ஒரு காளை வெளிநாட்டுக் குச்சியால் குத்து வாங்கிக்கொண்டிருக்கும். இலுப்பூர் தாண்டும்வரை கண்ணுசாமி சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

விராலிமலையில் நாற்சந்திப் பக்கம் இரண்டு பேரிடம் கேட்டதுமே கடை தெரிந்துவிட்டது. மலையடிவாரத்துக்குப் போகும் ரோட்டில் தகரக் கொட்டகை. வாசல் முழுக்க மாட்டுக் கழுத்துப் பட்டைகளும் சலங்கை வார்களும் தொங்கின. உள்ளே பெரிய தையல் மிஷினில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனிகள் பத்தும் சாயத்தில் கறுத்திருந்தன. பின்னால் அவள் புருஷன் குனிந்து தோல் அறுத்துக்கொண்டிருந்தார். பேர் மூக்காயி என்று சொன்னாள். அந்தத் தொழிலில் அளவெடுப்பதும் தைப்பதும் அவள்தான்.

ஃபெமினா உறையை நீட்டினாள். "அக்கா, இது நீங்க செஞ்சதா?"

மூக்காயி உறையைப் பார்த்தாள். பிறகு இருவர் முகத்தையும் பார்த்தாள். "இல்ல."

கண்ணுசாமி குனிந்து மிஷினுக்கு அடியில் கிடந்த ஒரு சிவப்புக் கம்பளித் துண்டை எடுத்தார். தன் பையிலிருந்த துணியைப் பக்கத்தில் வைத்தார். வெட்டு விளிம்பு இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியது.

மூக்காயி மிஷினை நிறுத்தினாள். "போலீஸா?"

"இல்லம்மா. தனியார். அந்தப் பொண்ணுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்தவரு அனுப்பினாரு. க்யூவைத் தேடிக்கிட்டு."

"அவரா?" என்றாள் மூக்காயி. அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன விதம் கண்ணுசாமியின் காதில் உறுத்தியது. ஆனால் அதற்குள் அவர் கண் மேலே போய்விட்டது. பரணில், சலங்கை மூட்டைகளுக்கு நடுவே, புது வேட்டியில் சுற்றி நீளமாக ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் தூசி. அது மட்டும் தூசியில்லை.

"எறக்கட்டுமா?"

"எறக்குங்க. கீழ போட்டுறாதீங்க" என்றாள் மூக்காயி. "அது அடுத்தவுக பொருளு."

வேட்டியைப் பிரித்தார். இரண்டு பாதிகளும் இருந்தன. பளபளக்கும் மரம், பிடியில் கறுப்பு நூல் சுற்று. துளி கீறல் இல்லை.

"எடுத்து வச்சுட்டு அது கழுத்துல சாவியை மாட்டி அனுப்பிட்டீங்க. ஏம்மா?"

"நான் எதுக்கு எடுக்கிறேன்? அதுதான் வச்சுட்டுப் போச்சு. வெள்ளிக்கிழமை கேஸை வாங்க வந்துச்சு. குச்சியை உள்ள வச்சுப் பாத்துச்சு. சரியா இருக்குன்னுச்சு. அப்ப போன்ல ஏதோ வந்துச்சு. படிச்சுட்டு அந்தா, அந்த முக்காலியில உக்காந்துச்சு. அரை மணி நேரம் பேச்சு மூச்சு இல்ல. அப்புறம் 'அக்கா, ரெண்டு கட்டை கெடைக்குமா'ன்னு கேட்டுச்சு. துடைப்பக் கட்டையை அறுத்துக் குடுத்தேன். ஆடாம இருக்கத் துணியும் குடுத்தேன். ஆரு வந்து கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லுச்சு."

கண்ணுசாமிக்கு வழக்கு தலைகீழாகப் புரண்டது. திருடு போகவே இல்லை. திருடு போனதாக ஊரை நம்பவைத்திருக்கிறது அந்தப் பெண்.

"சொந்தக் குச்சியைத் தானே ஒளிச்சு வச்சுட்டு ரயிலடியில உக்காந்து அழுதிருக்கு. சினிமாவுக்குப் போயிருக்கலாம்" என்றாள் ஃபெமினா.

"அழுதது நடிப்பா இருக்காது" என்றார் கண்ணுசாமி. "நாலு வருஷம் ஆடின ஆட்டம். செலக்‌ஷனுக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு வேணும். 'வரமாட்டேன்'னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. க்யூ திருடு போச்சுன்னா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க." அவர் மூக்காயியிடம் திரும்பினார். "இந்தக் கேஸை அது எப்படிம்மா தேர்ந்தெடுத்துச்சு? என்ன கேட்டுச்சோ அதை வரிசையாச் சொல்லுங்க."

மூக்காயி யோசித்தாள். "மூணு மாதிரி காட்டினேன். ஒண்ணு கேன்வாஸ். லேசா இருக்கு, வேணாம்னுச்சு. ஒண்ணு ரெக்ஸின் குழாய், உள்ள பஞ்சு வச்சது. அதைக் கையில வாங்கி, 'இது சொவத்துல மோதினா நசுங்குமா'ன்னு கேட்டுச்சு. நசுங்கும்னேன். வச்சிருச்சு. அப்புறம் எருமைத் தோலைத் தொட்டுப் பாத்து இதுதான்னுச்சு."

"உள்ளே வெல்வெட்?"

"நான் கேட்டேன். வேணாம், எடம் அடைக்கும்னுச்சு."

"தோள்பட்டை?"

"அதுவும் வேணாம். தோள்ல மாட்டினா எடுக்க நேரமாகும்னுச்சு. கையில கோத்துக்கிற மாதிரி வார் கேட்டுச்சு. உதறினாலும் கைய விட்டுப் போகக் கூடாதுன்னு."

கண்ணுசாமி பையிலிருந்து நோட்டை எடுக்கப் போனவர் நிறுத்தினார். காலையில் ஆனந்தராஜ் அடுக்கிய தகுதிகள் எல்லாம் உள்ளே இருக்கும் பொருளைக் காப்பதற்கு. இந்தப் பெண் கேட்ட ஒரு கேள்விகூடக் க்யூவைப் பற்றி இல்லை. உழைக்க வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எதற்குக் கெட்டி?

அப்போதுதான் ஃபெமினா வெகுநேரமாகப் பேசவில்லை என்பதைக் கவனித்தார்.

அவள் க்யூவின் இரண்டு பாதிகளையும் உறைக்குள் இறக்கி, மூடியைச் சாத்தி, வாரைத் தன் மணிக்கட்டில் கோத்திருந்தாள். கை மூடிப் பக்கத்தைப் பிடித்திருந்தது. க்யூவின் தடித்த பாதி கீழே இறங்கியதில் கனமெல்லாம் மறு நுனிக்குப் போயிருந்தது. அந்த நுனியில் பித்தளைப் பூண். அவள் மெதுவாகக் கையைத் தோளுக்கு மேல் தூக்கினாள். அப்படியே நின்றாள்.

"சார்" என்றாள். "காலையில நான் சும்மாதான் சொன்னேன்."

கொட்டகைத் தகரத்தின்மேல் மயில் ஒன்று நடக்கும் சத்தம் கேட்டது.

"பூண் அது கேட்டதில்ல" என்றாள் மூக்காயி கடைசியில். "நானாத்தான் போட்டேன். மோதினா தாங்குமா, தையல் விடுமான்னு நாலு தடவை கேட்டுச்சு. ஆருக்குத்தான்னு கேட்டேன். 'வெளியூரு போகணும்க்கா, கூட ஒருத்தர் வராரு'ன்னு மட்டும் சொல்லுச்சு. அதுக்கு மேல நான் கேக்கல. கேக்க என்ன இருக்கு? அந்த வாரு அது மணிக்கட்டுக்கு அளவெடுத்து வச்சதுதான்."

ஃபெமினா வாரைக் கழற்றினாள். அவள் மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. அவளுக்கு அது இறுக்கம்.

திரும்பும்போது அன்னவாசல் தாண்டிக் காரை அவளாகவே குடுமியான்மலைப் பக்கம் ஒடித்தாள். அதற்கு முன் இலுப்பூரில் ஒரு பஸ்காரன் குறுக்கே வந்து நிறுத்தியபோதுகூட அவள் வாய் திறந்திருக்கவில்லை.

தேவிப்ரியாவின் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, காலனி வீடு. அம்மா சொர்ணவல்லி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். புருஷன் இறந்து பத்து வருடம். பேர் கண்ணுசாமி, ஆனந்தராஜ் அனுப்பிய ஆள் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சார், உக்காருங்க. நல்ல மனுஷன் சார் அவரு. இந்தக் கழுதைக்குத்தான் புத்தி இல்ல. குச்சி போனா என்ன, அவரே புதுசு வாங்கித் தாரேங்கறாரு. இது ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்குது. நீங்க எடுத்துச் சொல்லுங்க."

உள்ளறையிலிருந்து ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றாள். கண்ணுசாமியின் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த உறையைப் பார்த்தாள். அதன் கனத்தைப் பார்வையாலேயே நிறுத்தது போல் இருந்தது. உள்ளே இருப்பது கட்டையில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"வெளியில போய்ப் பேசலாமா?" என்றாள் ஃபெமினா. இருவரும் வாசலைத் தாண்டி அடிபம்புப் பக்கம் போனார்கள்.

சொர்ணவல்லி தண்ணீர் கொண்டுவந்தாள். "கண்ணுசாமின்னா... கோர்ட்டுப் பக்கம் ஆபீஸ் வச்சிருக்கீங்களே, அவரா? எங்களுக்கு ஒங்களைத் தெரியும் சார். நேர்ல பாத்ததில்ல. எங்க அண்ணன்தான் வந்து எழுதி வாங்கிட்டு வந்துச்சு." பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். "பொம்பளப் புள்ளை, ஆம்பளைங்க ஆடுற எடத்துல வேலைக்குப் போறேங்குதேன்னு பயந்துக்கிட்டு விசாரிக்கச் சொன்னோம். இந்த லெட்டரைப் பாத்துட்டுத்தான் விட்டேன்."

கண்ணுசாமியின் லெட்டர்பேட். கண்ணுசாமியின் கையெழுத்து. நாலு வருஷத்துக்கு முந்திய தேதி. 'மேற்படி நிறுவனமும் அதன் உரிமையாளரும் நன்னடத்தை உள்ளவர்கள். பெண்கள் பணிபுரிய ஏற்ற, பாதுகாப்பான இடம். நேரில் விசாரித்ததில் குறை ஏதும் தெரியவில்லை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். நேரில் விசாரித்ததில். அந்த வாரம் அவருக்குப் பல்வலி. அது மட்டும் நினைவு வந்தது. கட்டடத்துச் சொந்தக்காரருக்கும் வேறு யாரோ ஒருவருக்கும் போன் செய்தார். தங்கமான மனுஷன் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனந்தராஜ் என்ற பெயர்கூட மனதில் தங்கவில்லை. அந்த முகத்தை இன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறார்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அடிபம்பருகே தேவிப்ரியா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஃபெமினா கையில் தேவிப்ரியாவின் போன் இருந்தது. அதைக் கண்ணுசாமி பக்கம் திருப்பிக் காட்டினாள். வெள்ளிக்கிழமை ஆனந்தராஜிடமிருந்து வந்த செய்தி. கூட வருவதாக இருந்த மற்ற இரண்டு பேரும் வரவில்லை, நாம் இருவர்தான், ஒரு ரூம் போதும் என்று இன்னொன்றைக் கேன்சல் செய்துவிட்டேன், அம்மாவிடம் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேலே விரலை நகர்த்தினால் இன்னும் நிறைய இருந்தது. ஒரு வருஷத்துச் செய்திகள். கண்ணுசாமி நாலு வரிக்கு மேல் படிக்கவில்லை.

"நீங்களா சார் அந்த லெட்டர் எழுதினது?" என்று கேட்டாள் தேவிப்ரியா. கோபம் இல்லாத குரல். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"ஆமாம்மா."

"நேர்ல வந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நாலு வருஷமா அதுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன்."

அவள் சொன்னது அப்போது அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

"எனக்கு ஆட்டம்தான் சார் வேணும். அதுக்காக ஒரு வருஷம் சமாளிச்சேன். தோல் கேஸ் கையில இருந்தா பெங்களூர் வரைக்கும் சமாளிச்சிரலாம்னு நெனச்சேன். ஒரே ரூமுன்னதும் முடியல. அடிக்கத் தயாரா இருந்துக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்தா காலையில எப்படி சார் ஆடுறது? கை நிக்காது."

"கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்" என்றாள் ஃபெமினா. "நான் கூட வாரேன்."

"அம்மாவுக்கு இன்னும் தெரியாதுக்கா. மொதல்ல அதுகிட்ட சொல்லணும். அதுக்கே எனக்கு இன்னும் வாய் வரல." தேவிப்ரியா கண்ணுசாமியைப் பார்த்தாள். "நான் சொல்ற அன்னைக்கு, அந்த லெட்டர் பொய்யின்னு நீங்க வந்து சொல்வீங்களா?"

"வாரேன்."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நம்ப அவளுக்குக் காரணமும் இல்லை. உறையை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொள்ளவில்லை. வாரைக் கையில் கோத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்து மணிக்கு அவர்கள் பில்லியர்ட்ஸ் ஹாலுக்குள் நுழைந்தபோது மூன்று மேஜைகளிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. குளிர்சாதனக் காற்று. பந்துகள் மோதும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சுத்தமான இடம். நாலு வருஷம் முன்பே வந்திருந்தாலும் தரையையும் சுவரையும் பார்த்துவிட்டு அதே கடிதத்தைத்தான் எழுதியிருப்போமோ என்று கண்ணுசாமிக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவருக்கு ஆறுதலாக இல்லை.

கவுண்டரில் ஒரு புதுப் பெண். பத்தொன்பது இருக்கலாம். பக்கத்து மேஜையருகே ஆனந்தராஜ் நின்றிருந்தார்.

"செவந்தி, நாளையிலேருந்து நீயும் குச்சி புடிக்கக் கத்துக்கோ. ஒனக்குக் கை நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இவர்களைப் பார்த்ததும் வந்தார். "கெடச்சுதா சார்?"

"கெடச்சுது."

"எங்க?"

"அதோட சொந்தக்காரங்ககிட்ட."

ஆனந்தராஜின் சிரிப்பு உடனே போகவில்லை. ஒவ்வொரு விளக்காக அணைப்பது போல் போனது. "என்ன சொல்லுச்சு?"

கண்ணுசாமியின் பார்வை கவுண்டருக்கு மேலே சுவரில் நின்றிருந்தது. கோப்பைகளுக்கும் சாமி படத்துக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய லெட்டர்பேட். அவருடைய கையெழுத்து. பாதுகாப்பான இடம். அதற்கு நேர் கீழே நாற்காலியில் செவந்தி உட்கார்ந்திருந்தாள்.

"சொர்ணவல்லியம்மா குடுத்த காப்பி" என்றார் ஆனந்தராஜ். "வேலைக்கு அனுப்புற அம்மாக்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல. ரொம்ப உபயோகமா இருக்கு சார்."

கண்ணுசாமி சட்டத்தைக் கழற்றினார். பின்பக்க அட்டையைப் பிய்த்து, தாளை உருவி, நாலாகக் கிழித்தார். மேஜைகளில் ஆட்டம் நின்றது.

"கிழிங்க" என்றார் ஆனந்தராஜ் அமைதியாக. "போன்ல இருக்கு. அதுவும் இல்லாட்டி, நீங்க எழுதினது எழுதினதுதானே? நேர்ல விசாரிச்சதுன்னு நீங்கதான போட்டிருக்கீங்க."

அந்த ஆள் அன்று முழுக்கச் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

கண்ணுசாமி கவுண்டர் பக்கம் திரும்பினார். "செவந்தி, ஒங்கம்மா நம்பர் சொல்லும்மா."

அந்தப் பெண் முதலாளியைப் பார்த்தாள். ஆனந்தராஜ் ஒரு அடி முன்னால் வந்தார். ஃபெமினா அதற்குள் கவுண்டருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றிருந்தாள். விராலிமலையிலிருந்து பேசாமல் சேர்த்து வைத்த எல்லாமும் அவள் முகத்தில் இருந்தது. ஆனந்தராஜ் நின்றுவிட்டார்.

செவந்தி மெல்லிய குரலில் பத்து எண்களையும் சொன்னாள்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் எங்கோ ஆடு கத்தியது.

"அம்மா, என் பேரு கண்ணுசாமி. செவந்தி வேலை பாக்குற எடத்துல சொவத்துல ஒரு லெட்டர் பாத்திருப்பீங்க. அது நான் எழுதினது."

"ஆமாங்க, பாத்தோம். அதை நம்பித்தானுங்க விட்டோம்."

"அன்னைக்கு நான் இந்த எடத்துக்கு வந்து பாக்கவே இல்லம்மா. பாத்ததாப் பொய் எழுதிட்டேன்."

மறுமுனையில் அந்தக் குரல் தாழ்ந்து கேட்டது.

"இப்பப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்" என்றார் கண்ணுசாமி. "பொண்ணைக் கூட்டிக்கிட்டு இப்பவே வாரோம்."